கற்பூர மர நிழலில் ஒரு காலை நடை



கற்பூர மணம் நம் இல்லங்களில் எந்த நினைவை எழுப்பும்? வீட்டின் பின்கட்டில் திரை கட்டப்பட்டிருக்கும். உள்ளே இரண்டு மூன்று பேர் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். மையித்தைக் குளிப்பாட்டும் கடைசி நீரில் கரைக்கப்பட்ட கற்பூரத்தின் மணம் திரையைத் தாண்டி வரும். தம் மகளார் மறைந்தபோது, குளிப்பாட்டிய பெண்களிடம் இறுதி நீரில் கற்பூரம் சேர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் வாயிலாக நாம் அறிகிறோம். அந்நாள் தொட்டு இந்த மணம் பிரிவின் மணமாகவே நம் நெஞ்சில் தங்கிவிட்டது.

ஆனால் கற்பூரம் ஒரு மரத்திலிருந்து பிறந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? அந்த மரம் பச்சைப் பசேலென்று குடை விரித்து நிற்க, அதன் நிழலில் குழந்தைகள் ஓடியாட, முதியவர்கள் கைகோத்து நடக்கும் ஓரிடத்திற்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். கடினமான மலையேற்றம் அன்று. கையில் கோல் வேண்டியதில்லை, நெஞ்சில் துணிவும் வேண்டியதில்லை. ஒரு காலைப் பொழுதும், நிதானமாக அடியெடுத்து வைக்கும் மனமும் இருந்தால் போதும்.

எங்கே இருக்கிறது?

கிழக்குச் சீனத்தின் ஜெஜியாங் மாநிலத் தலைநகர் ஹாங்சோ. 2023ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்து, இந்திய வீரர்கள் 107 பதக்கங்கள் பெற்றுத் திரும்பினார்களே, அதே நகரம்தான். அந்நகரின் மேற்கு ஓரத்தை ஒட்டிக் கிடக்கிறது மேற்கு ஏரி. சீன மொழியில் ‘ஷி ஹு’. ஏறத்தாழ ஆறரை சதுர கிலோமீட்டர் பரப்பு. மூன்று பக்கம் காடடர்ந்த குன்றுகள், நான்காம் பக்கம் நகரம். 2011ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

நம்மவர்க்கு இவ்வூர் அத்தனை தொலைவுமன்று. சாமான்கள் வாங்கவும் ஏற்றுமதி ஏற்பாடுகள் செய்யவும் யிவு நகரச் சந்தைக்குப் போய்வரும் வணிகர்கள் நம் சமுதாயத்தில் உண்டு. அந்த யிவுவும் இதே மாநிலத்தில்தான் இருக்கிறது. விரைவு இரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் ஹாங்சோ வந்துவிடலாம். சரக்கு, விலை, கப்பல் என்று ஓடிக்கொண்டே இருப்பவர்கள் ஒரே ஒரு காலையை இந்த ஏரிக்குக் கொடுக்கலாம். வீட்டாரையும் உடன் அழைத்துப் போக வாய்த்தால் இன்னும் நன்று.

ஹாங்சோ வெப்ப மண்டலத்திற்கும் மித வெப்ப மண்டலத்திற்கும் நடுவே, துணை வெப்ப மண்டலத்தில் அமைந்த ஊர். நமக்குப் பழக்கமான இரண்டு மூன்று பருவங்கள் அங்கே நான்காகத் தெளிவாகப் பிரிந்து நிற்கும். கோடை நம் கத்திரி வெயிலை நினைவூட்டும். குளிர்காலத்தில் சில நாட்கள் பனி விழும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஏப்ரலும் அக்டோபரும் நடப்பதற்கென்றே படைக்கப்பட்ட மாதங்கள் எனலாம்.

சேறு பாதையான கதை

நம் நடையை ஏரியின் வடமேற்கு மூலையில், தாமரைத் தடாகங்கள் நிறைந்த பூங்காவிலிருந்து தொடங்குவோம். ஏப்ரல் நடுவில் ஐந்தரை மணி அளவில் கதிரவன் எழுந்துவிடும். ஃபஜ்ருத் தொழுகையை முடித்து, சிறிது ஓய்ந்து புறப்பட்டால் நேரம் சரியாக இருக்கும். அப்போது ஏரியின்மேல் வெண்பனி மெல்லிய கபன் துணிபோல் விரிந்து கிடக்கும். குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக, பின்னது முன்னதைவிட மங்கலாகத் தெரியும்.

நம் முன்னே, ஏரியைத் தெற்கு வடக்காகப் பிளந்துகொண்டு ஒரு கரை நீண்டு கிடக்கிறது. நீளம் 2.8 கிலோமீட்டர், இருபுறமும் தண்ணீர், நடுவே மரங்கள் கவிந்த அகன்ற பாதை. கார்களின் இரைச்சல் கிடையாது. ஆறு கற்பாலங்கள் இடையிடையே முதுகு வளைத்து நிற்கும். அவற்றில் ஏறி இறங்குவது மட்டுமே இந்த நடையின் ஏற்ற இறக்கம். முழங்கால் வலியுள்ள முதியவர்களும் நின்று நின்று ஏறிவிடலாம்.

இந்தக் கரை எப்படி வந்தது தெரியுமா? சேற்றிலிருந்து வந்தது!

மேற்கு ஏரி ஒரு காலத்தில் கடலோடு சேர்ந்த காயலாக இருந்தது. ஆற்று வண்டல் படிந்து படிந்து அடைபட்டு, நாளடைவில் நன்னீர் ஏரியானது. இப்படிப் பிறந்த ஏரியைத் தன் போக்கில் விட்டுவிட்டால் தூர்ந்து போவதே அதன் விதி. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக அந்த விதியை மனிதக் கரங்கள் தள்ளிப்போட்டு வருகின்றன. 822 முதல் 824 வரை இங்கு ஆளுநராக இருந்த கவிஞர் பாய் ஜூயி அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினார். வயல்களுக்கு நீர் பகிரும் விதிகளைத் தமக்குப்பின் வருவோர் அறியும்படி கல்லில் பொறித்தும் வைத்தார். அவர் கட்டிய அணை இன்றில்லை. ஆனால் அவர் நினைவாக வேறொரு கரை அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

பின்னர் 1089இல் சூ ஷி என்பவர் ஆளுநராக வந்தார். சூ டோங்போ என்றும் அவரை அழைப்பர். அவரும் கவிஞரே. அதற்குமுன் இளம் அதிகாரியாக இதே ஊரில் பணியாற்றியிருந்தார். அன்று ஏரியில் பத்தில் இரண்டு மூன்று பங்கை நீர்ப்பூண்டுகள் மூடியிருந்ததைக் கண்டிருந்தார். பதினாறு ஆண்டுகள் கழித்து வந்து பார்க்கையில் பாதி ஏரியைக் காணோம்! இன்னும் இருபது ஆண்டுகள் போனால் ஏரியே இராது என்று அரசருக்கு விண்ணப்பம் எழுதினார். ஏரி போனால் ஊர்மக்கள் உப்புநீர் குடிக்க நேரும், வயல்கள் காயும், கால்வாய்கள் வறளும் என்று காரணங்களை அடுக்கினார். அழகு கெடும் என்பதற்காக அவர் மன்றாடவில்லை. தாகத்திற்காக மன்றாடினார் என்பதைக் கவனியுங்கள்.

அனுமதி கிடைத்தது. வறட்சியில் வாடியிருந்த மக்களுக்கு வேலையும் கிடைத்தது. ஏறக்குறைய இரண்டு இலட்சம் ஆள்வேலை செலவாயிற்று. வாரியெடுத்த சேற்றையும் பூண்டையும் எங்கே கொட்டுவது? ஏரியின் குறுக்கே வரிசையாகக் கொட்டிக் கரையாக்கினார்கள். மேலே வில்லோ மரங்களை நட்டார்கள். கொட்ட இடமில்லாத கழிவு, தென்கரைக்கும் வடகரைக்கும் பாலமாகிவிட்டது. அவர் பெயரால் ‘சூ கரை’ என்று வழங்கும் அந்தப் பாதையில்தான், ஒன்பது நூற்றாண்டுகள் கடந்து, நாம் இப்போது நடந்துகொண்டிருக்கிறோம்.

நிலையான தர்மம் என்று நம் மார்க்கம் எதைச் சொல்கிறது? செய்தவர் மண்ணுக்குள் போன பின்பும் பயன் தந்துகொண்டே இருப்பதை அல்லவா? சூ ஷி நம் மார்க்கத்தைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் பொதுநலத்தின் பயன் எவ்வளவு நீண்டது என்பதற்கு இந்தப் பாதை கண்முன் கிடக்கும் சான்று.

மரங்களைப் பார்த்து நடப்போம்

இனிச் சற்று அண்ணாந்து பாருங்கள். கரையின் விளிம்பில் நீரைத் தொடுமளவு கிளைகளைத் தொங்கவிட்டு நிற்பவை வில்லோ மரங்கள். ஒரு வில்லோ, ஒரு பீச் மரம் என மாற்றி மாற்றி நட்டிருக்கிறார்கள். மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் பச்சைக்கும் இளஞ்சிவப்புக்கும் இடையே நடப்பது போலிருக்கும்.

உட்புறமாக, பருத்த அடிமரமும் வெடித்த பட்டையும் கொண்டு, பாதையின் மேல் பந்தல் போட்டு நிற்கிறதே, அதுதான் நாம் தேடிவந்த கற்பூர மரம். ஹாங்சோ நகரம் தன் சின்னமாக ஏற்றுக்கொண்ட மரமும் இதுவே. இலவங்க மரத்திற்கு இது நெருங்கிய உறவு. கீழே உதிர்ந்து கிடக்கும் ஓர் இலையை எடுங்கள். பிரியாணிக்குப் போடும் இலையைப்போல நீளவாக்கில் மூன்று நரம்புகள் ஓடுவதைக் காண்பீர்கள். உள்ளங்கையில் கசக்கி முகருங்கள். ஆம், அதே மணம்!

இந்த மரத்திடம் ஒரு விந்தை உண்டு. எல்லா மரங்களும் இலையுதிர் காலத்தில் இலைகளைக் கொட்ட, கற்பூர மரம் வசந்தத்தில் கொட்டும். புதிய தளிர் வந்துவிட்டது என்று தெரிந்த பின்னரே பழைய இலை சிவந்து, கிளையை விட்டுப் பிரிகிறது. எனவே மரம் ஒருநாளும் மொட்டையாக நிற்பதில்லை. ஏப்ரலில் நடந்தால் தலைக்குமேல் இளந்தளிர், காலடியில் செம்பழுப்புச் சருகு. தலைமுறை மாற்றத்தை இதைவிட அழகாக யார் சொல்லித் தர முடியும்? பிள்ளைகள் தலையெடுத்த பின் பெரியவர்கள் அமைதியாக இடம் விட்டுச் செல்லும் நல்ல குடும்பத்தைப் போன்றது இம்மரம்.

முன்னாளில் கட்டையைச் சிறு சிறாய்களாக்கி, ஆவியில் வேகவைத்து, குளிர்ந்து படியும் வெண்பளிங்கைக் கற்பூரமாகச் சேகரிப்பார்கள். இன்று கடைகளில் விற்கும் கற்பூரத்தில் பெரும்பகுதி பைன் மரத்துத் தைலத்திலிருந்து ஆலைகளில் செய்யப்படுவது. பூச்சி அண்டாத கற்பூரக் கட்டையில் துணிப்பெட்டி செய்வதும் பழைய வழக்கம். இந்த வட்டாரத்தில் பெண் குழந்தை பிறந்தால் வீட்டருகே ஒரு கற்பூரக் கன்றை நட்டு, அவள் திருமணத்தின்போது அம்மரத்தால் பெட்டி செய்து உடைகளை வைத்தனுப்பும் வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். பெண் பிறந்ததும் கவலைப்படாமல் கன்று நட்டவர்களை எண்ணினால் நெஞ்சம் குளிர்கிறது.

திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம், நல்லோர் சுவனத்தில் அருந்தும் பானத்தில் ‘காஃபூர்’ கலந்திருப்பதைச் சொல்கிறது. அக்காலத்து அரபு வணிகர்களிடம் பெயர் பெற்றிருந்த கற்பூரம் சுமத்திராத் தீவின் பாரூஸ் துறைமுகத்திலிருந்து வந்தது. அது வேறொரு பெருமரத்தின் விளைபொருள். அந்தப் பாரூஸ் அருகே லோபு துவா என்னுமிடத்தில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. தமிழ் வணிகக் குழுவினர் பொறித்தது. இங்கே சூ ஷி ஆளுநராக வருவதற்கு ஓராண்டு முன்னர், கற்பூரம் விளையும் இன்னொரு கரையில் நம் தமிழ் எழுத்து கல்லில் ஏறியிருக்கிறது. கடல்கள் நாடுகளைப் பிரித்தன என்று யார் சொன்னது?

சிறகுள்ள உயிர்கள்

மூன்றாவது நான்காவது பாலங்களுக்கிடையே ஒரு கல்லிருக்கையில் அமர்வோம். வீட்டிலிருந்து கொண்டுவந்த தேநீர்க் குடுவையைத் திறக்கலாம். பேச்சைச் சிறிது நிறுத்துங்கள். ஏரி பேசத் தொடங்கும்.

‘கிர்க், கிர்க்’ என்று கிளையில் தாவுவது அணில்தான். ஆனால் நம்மூர் அணிலைவிடப் பெரிது, முதுகில் மூன்று கோடுகள் இல்லை, வயிறு செம்பழுப்பு. தலையின் பின்பக்கம் வெள்ளை தீட்டிக்கொண்டு கூவுவது புல்புல். நம் தோட்டத்துக் கொண்டைக்குருவிக்குப் பங்காளி. நீரோரக் கிளையில் கழுத்தை உள்ளிழுத்து, தூங்குவதுபோல் உட்கார்ந்திருக்கிறது இராக்கொக்கு. மீன் ஒன்று மேலே வரட்டும், அதன் தூக்கம் எத்தகையது என்பது தெரிந்துவிடும்!

பிள்ளைகள் ஆவலோடு தேடவேண்டியது மாண்டரின் வாத்து. ஆண்பறவை செம்மஞ்சள், ஊதா, வெண்மை என்று வண்ணங்களை வாரிப் பூசிக்கொண்டிருக்கும். பெண்பறவை அடக்கமான சாம்பல் நிறம். இவை தரையிலன்றி மரப்பொந்தில் முட்டையிடும். பொரிந்த குஞ்சுகள் இறக்கை முளைக்குமுன்னரே பொந்திலிருந்து கீழே குதித்து, தாயின் பின்னே தண்ணீருக்கு நடக்கும். அண்மைய ஆண்டுகளில் வசந்தகாலத்தில் தன்னார்வத் தொண்டர்கள் முறைபோட்டு இக்குஞ்சுகளுக்குக் காவல் இருக்கிறார்கள். கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு மாநகரில், ஒரு வாத்துக் குஞ்சு சாலையைக் கடக்க ஒருவர் காத்து நிற்கிறார். உயிரினங்களிடம் இரக்கம் காட்டுவதைப் பற்றி மதரஸாவில் படித்த பாடத்தை உங்கள் பிள்ளைகளுக்கு நினைவூட்ட இதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. “நடைப்பயிற்சியா? எனக்கேது நேரம்? வீட்டுக்குள் நடப்பது போதாதா?” என்று சலித்துக்கொள்ளும் தாய்மார்கள் நம்மிடையே பலர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வந்து மருத்துவர் கண்டித்த பிறகே செருப்பைத் தேடுகிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடி மகிழ்ந்த செய்தி நமக்குத் தெரியாததா? கணவனும் மனைவியும் சேர்ந்து நடப்பதில் நாணப்பட ஒன்றுமில்லை. இந்தக் கரையில் அதிகாலையில் சென்றால், வயதான தம்பதியர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு பாலம் ஏறுவதைக் காணலாம்.

காட்டுக்குள் சிறிது நேரம்

ஆறாவது பாலத்தைத் தாண்டினால் சூ கரை முடிகிறது. வலப்புறம் திரும்பினால் ஹுவாகாங் பூங்கா. பூங்கா என்பது பெயருக்குத்தான். உள்ளே போனால் தோப்பும் சோலையுமாக விரியும். ஒரு பக்கம் பரந்த புல்வெளியைச் சுற்றி இமயத்துத் தேவதாரு மரங்கள், தரையைத் தொடும் கிளைகளோடு நிற்கும். நிழலில் பாசியும் பெரணியும் படர்ந்திருக்கும். ஓடைகளில் செம்மீன்கள் கூட்டங்கூட்டமாக நீந்தும். குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடு!

தண்ணீர் ஓரமாக ஈட்டிபோல் நேராக வளர்ந்திருக்கும் மரங்களையும் பாருங்கள். இவை மெட்டாசெக்வோயா. ஊசியிலை மரமாயினும் குளிர்காலத்தில் இலைகளை உதிர்த்துவிடும். உதிர்க்குமுன் துருப்பிடித்த செம்பைப்போல் நிறம் மாறும். பாறைகளில் பதிந்த படிமமாக மட்டுமே அறியப்பட்டு, உலகிலிருந்து அற்றுப்போனது என்று கருதப்பட்ட இனம் இது. 1940களில் சீனத்தின் உட்பகுதிச் சிற்றூர் ஒன்றில் உயிரோடு நிற்பதைக் கண்டார்கள். 1948இல் அதற்கு முறையாகப் பெயர் சூட்டப்பட்டது. இறந்ததென்று மனிதன் முடிவுகட்டியதைப் படைத்தவன் ஒரு பள்ளத்தாக்கில் பத்திரமாக வைத்திருந்தான். சுப்ஹானல்லாஹ்! இன்று அதன் கன்றுகள் பல நாடுகளில் வளர்கின்றன. பூமியில் பயணம் செய்து படைப்பைப் பாருங்கள் என்று இறைமறை நம்மைத் தூண்டுவதன் பொருள் இத்தகைய இடங்களில் தெளிவாகிறது.

அக்டோபரில் வருவோருக்கு வேறொரு விருந்து உண்டு. மல்லிகைக் குடும்பத்தைச் சேர்ந்த ‘குய்ஹுவா’ என்னும் சிறு பூ, இலைகளுக்குள் ஒளிந்துகொண்டு பூக்கும். பூவைக் காணுமுன் மணம் வந்து கையைப் பிடித்து இழுக்கும். செய்த நன்மையை மறைத்துக்கொள்ளும் நல்லோரின் குணம் அந்தப் பூவுக்கு!

நம்மவர் உறங்கிய தோட்டம்

ஹுவாகாங்கிலிருந்து ஏரியின் தென்கரையோரமாகக் கிழக்கே நடந்தால், ‘லியூலாங் வென்யிங்’ என்னும் பூங்காவை அடைவோம். வில்லோ மரங்களில் மாங்குயில்கள் பாடும் இடம் என்று பெயருக்குப் பொருள் சொல்லலாம். சூங் மன்னர்களின் காலத்தில் இங்கே ‘ஜூஜிங்’ என்ற அரச தோட்டம் இருந்தது. 1276இல் மங்கோலியர் இந்நகரைக் கைப்பற்றினர். அதன்பின் இத்தோட்டம் என்னவாயிற்று?

அது முஸ்லிம்களின் மையவாடியாயிற்று. அக்காலத்தில் இந்நகரில் வாழ்ந்த ஜோ மி என்னும் சீன எழுத்தாளர் இதனைப் பதிவு செய்திருக்கிறார். முஸ்லிம்கள் தம் இறந்தோரை ஜூஜிங் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள் என்றும், தோட்டம் அவர்களது பொறுப்பிலேயே இருந்தது என்றும் அவர் எழுதியுள்ளார். பாரசீகத்திலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வணிகராகவும் அதிகாரிகளாகவும் வந்து, இவ்வூர் மண்ணோடு மண்ணானவர்கள் அவர்கள். அன்றைய கபுறுகளின் மேல் இன்று புல்லும் பூவும் விரிந்து, நகர மக்கள் உலாவுகிறார்கள். அரபியும் பாரசீகமும் பொறித்த அந்நாளைய மீசான் கற்கள் சில, ஏரியின் கிழக்கே நகருக்குள் இருக்கும் ஃபீனிக்ஸ் பள்ளிவாசலில் பாதுகாக்கப்படுகின்றன. யுவான் ஆட்சிக்காலத்தில், 1281இல், அலாவுத்தீன் என்பவர் புதுப்பித்துக் கட்டியதாகக் கூறப்படும் பழம்பெரும் பள்ளி அது. செங்கல்லால் ஆன மூன்று குவிமாடங்கள், தாங்கும் உத்தரமே இல்லாமல் நிற்கின்றன. 1929இல் சாலையை அகலப்படுத்தியபோது முன்வாயில் இடிபட்டது. பின்னர் அது மீண்டும் கட்டப்பட்டது.

இப்னு பதூதாவை அறிவீர்கள். டில்லியில் அவர் மணந்த மங்கை, மதுரையில் சுல்தானாட்சியை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்சனின் மகள். அவ்வுறவால் மதுரை சுல்தான் கியாசுத்தீன் தாமகானிக்கு அவர் சகலை முறையானார். மதுரைக்கும் வந்து தங்கினார். பின்னர் சீனம் சென்று ‘அல் கன்ஸா’ என்னும் நகரைக் கண்டதாகவும், தாம் பார்த்த நகரங்களிலெல்லாம் பெரியது அதுவே என்றும் தம் பயண நூலில் சொல்கிறார். அந்நகரே இந்த ஹாங்சோ. அவர் அத்தனை தூரம் சென்றாரா என ஐயுறும் ஆய்வாளர்களும் உண்டு. ஆயினும் அங்கே முஸ்லிம்கள் வாழ்ந்த பகுதியையும், பாங்கொலியையும், எகிப்திய வணிகர் ஒருவரின் குடும்பம் பள்ளிவாசலும் விருந்தினர் இல்லமும் அமைத்துப் பயணிகளைப் பேணியதையும் அந்நூல் விரிவாகவே கூறுகிறது. மதுரை வீதியில் நடந்த கால்கள் இந்த நீர்க்கரையிலும் நடந்திருக்கக்கூடும் என்று எண்ணும்போது உடல் சிலிர்க்கிறது.

இந்தப் புல்வெளியின் ஓரத்தில் சற்று நின்று, அவர்களுக்காக ஒரு ஃபாத்திஹா ஓதுங்கள். பெயர் தெரியாதவர்கள், ஊர் தெரியாதவர்கள். உங்களைப் போலவே பிழைப்பின் பொருட்டுக் கடல் கடந்தவர்கள். மேற்கே, சற்று வடக்காக, குன்றுகளை நோக்கித்தான் கிப்லா. ஏறக்குறைய நம்மூர்த் திசையே! இப்போது காற்றில் வரும் கற்பூர மர வாசனையில் முன்பிருந்த துயரம் இல்லை. பிரிவின் மணம் என்று நாம் நினைத்திருந்தது, இங்கே நிழலின் மணமாக, நீடித்து வாழும் ஒன்றின் மணமாக மாறியிருக்கிறது.

நடைக்குச் சில குறிப்புகள்

மொத்த நடை சுமார் 6 கிலோமீட்டர். அமர்ந்து, பார்த்து, பேசி நடந்தால் மூன்று மணி நேரம் ஆகும். முடியாதவர்கள் சூ கரையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏரியைச் சுற்றி மின்சார வண்டிகளும் ஓடுகின்றன. ஏரிக்கரைப் பூங்காக்களின் வேலிகள் 2002இல் அகற்றப்பட்டுவிட்டதால், சுற்றி நடக்கக் கட்டணம் இல்லை. மே முதல் நாளையும் அக்டோபர் முதல் வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். அவை சீனரின் விடுமுறை நாட்கள். கரையில் கால்வைக்க இடமிருக்காது. ஜூன் மாதம் விடாமழை பெய்யும், குடை அவசியம். மெல்லிய அடிப்பாகமுள்ள செருப்பு கற்பாலங்களில் வழுக்கும். காலணி அணிவது நல்லது. ஹலால் உணவைச் சீனர் ‘சிங்ஜென்’ என்பார்கள். அச்சொல்லைச் சீன எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டால் உணவகம் தேட உதவும்.

நமக்கொரு கேள்வி

சூ ஷியோடு ஏரியின் கதை முடிந்துவிடவில்லை. அவருக்குப் பின்னும் ஏரி தூர்ந்தது. செல்வாக்குள்ளவர்கள் அதை வளைத்து வயலாக்கிக்கொண்டார்கள். 1508இல் யாங் மெங்யிங் என்னும் ஆளுநர் எதிர்ப்புகளை மீறி அந்த வயல்களை அகற்றி மீண்டும் தண்ணீர் நிற்கச் செய்தார். மறுபடியும் தூர்ந்து, முழங்கால் அளவுக்குச் சற்று மேலே மட்டுமே நீர் நின்ற ஏரியை 1950களில் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழப்படுத்தினார்கள். 2003 முதல் அருகிலுள்ள சியான்டாங் ஆற்று நீரைத் தெளியவைத்து உள்ளே விடுகிறார்கள்; ஏறக்குறைய மாதம் ஒருமுறை ஏரிநீர் முழுதும் புதிதாகிறது. ஏரி என்பது ஒருமுறை வெட்டிவிட்டு மறந்துவிடும் பொருளன்று. தலைமுறைதோறும் கைமாறும் அமானிதம். வாங்கிக்கொண்டவர் பேணினால் அடுத்தவருக்கு மிஞ்சும்.

ஹாங்சோ செல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் ஏரியும் குளமும் இல்லாத தமிழூர் உண்டா? உங்கள் ஊர்க் குளத்தின் கரையில் நாளைக் காலை ஃபஜ்ருக்குப்பின் ஒருமுறை நடந்து பாருங்கள். அதன் எத்தனை பங்கு மூடிவிட்டது? நீங்கள் சிறுவராக இருந்தபோது எத்தனை பங்கு திறந்திருந்தது? சூ ஷி கணக்கிட்டதைப்போல நீங்களும் கணக்கிடுங்கள். வழியிலே கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்றவர்கள் நாம். நட்ட மரத்தின் கனியைப் பறவை தின்றாலும் நட்டவருக்கு நன்மை எழுதப்படும் என்று நம்புகிறவர்கள் நாம். கரையோரம் ஒரு கன்று நட எந்த விண்ணப்பமும் வேண்டாம், மனம் இருந்தால் போதும்.

அந்தக் கன்று வளர்ந்து நிழல் விரிக்கும் நாளில் நாம் இருக்க மாட்டோம். நம்மைக் குளிப்பாட்டிய கற்பூர நீரும் காய்ந்திருக்கும். ஆனால் அந்நிழலில் யாரோ ஒரு தாய் தன் பிள்ளையின் கைபிடித்து நடப்பாள். அது போதாதா?

அத்தகைய பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.